கொப்பு வெட்டியவர்கள் காத்த காடு

லண்டனின் வடகிழக்கே ஏறக்குறைய 6000 ஏக்கர் பரப்பில் எப்பிங் காடு உள்ளது. மரங்களுக்கிடையே பற்றைவெளிகளும் உண்டு. எவரும் அங்கு கட்டணமின்றி நடக்கலாம்.

நடப்போர் பழைய மரங்களைக் கவனிக்க வேண்டும். ஆளுயரத்துக்கு மேல், ஓரிடத்திலிருந்தே பல கிளைகள் பிரிந்திருக்கும். தளிர்களை மாடுகள் தின்னாதபடி, கிராமத்தவர் அவ்வுயரத்தில் விறகுக்குக் கொப்பு வெட்டிய அடையாளம் அது.

1860களில் நிலவுடைமையாளர் காட்டை வேலியடைத்தனர். லௌட்டன் கிராமத்துத் தோமஸ் வில்லிங்கேல் குடும்பத்தினரோ வழமைப்படி வெட்டினர். சிலர் சிறை சென்றனர். பின்னர் லண்டன் மாநகர சபை மேய்ச்சல் உரிமையைக் காட்டி வழக்காடி, 1874இல் வென்றது. 1878ஆம் ஆண்டுச் சட்டம் காட்டைப் பொதுமக்களுக்கு உரியதாக்கியது. ஆனால் கொப்பு வெட்டும் உரிமை இழப்பீட்டுடன் நீக்கப்பட்டது.

நெடுநாள் வழமையே அங்கு உரிமைக்குச் சான்றாயிற்று. உங்கள் ஊரின் மேய்ச்சல் தரை, விறகுக்காடு, ஒற்றையடிப் பாதை பற்றிப் பெரியோரிடம் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள்.