காயகல்ப் விருது: மருத்துவமனைக்கு மதிப்பெண் இடுவதில் நோயாளியின் பங்கு

உடலைத் தளராமல் காக்கும் மருந்துகளையும் முறைகளையும் சித்த மருத்துவம் காயகற்பம் என்று வழங்குகிறது. அச்சொல்லின் வடமொழி வடிவமான ‘காயகல்ப்’ என்பதையே பெயராகக் கொண்டு, இந்திய அரசின் சுகாதாரம் மற்றும் குடும்ப நல அமைச்சகம் 2015ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் ஒரு தேசிய விருதுத் திட்டத்தைத் தொடங்கியது. தூய்மை, சுகாதாரம், தொற்றுத் தடுப்பு ஆகியவற்றில் சிறந்து விளங்கும் அரசு மருத்துவமனைகளையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் ஆண்டுதோறும் மதிப்பிட்டுப் பாராட்டுவதே இதன் நோக்கம்.

“நல்ல சிகிச்சை கிடைத்தால் போதாதா? மருத்துவமனை விருது பெற்றால் நமக்கென்ன?” என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும் ஒரு நோய்க்காகச் சேர்ந்தவர், மருத்துவமனையிலேயே வேறொரு தொற்றைப் பெறுவது உலகெங்கும் உள்ள இடர். அறுவை செய்த இடத்தில் சீழ் பிடிப்பதும், சிறுநீர்க் குழாய் வழியே கிருமி ஏறுவதும் இவ்வகையைச் சேர்ந்தவை. இதனால் ஐந்து நாளில் வீடு திரும்ப வேண்டியவர் பல நாள் தங்க நேரிடலாம். உடனிருப்பவரின் கூலியும் அத்தனை நாள் போகும். இவ்விடரைக் குறைக்கும் ஏற்பாடுகள் மருத்துவமனையில் உள்ளனவா என்பதையே காயகல்ப் மதிப்பீடு பார்க்கிறது.

மதிப்பெண் இடும் முறை

மதிப்பீட்டின் அடிப்படைத் தலைப்புகள் ஆறு: வளாகப் பராமரிப்பு, துப்புரவு, கழிவு மேலாண்மை, தொற்றுக் கட்டுப்பாடு, துணைச் சேவைகள், சுகாதார விழிப்புணர்வு. சலவை, சமையல், குடிநீர், பாதுகாப்பு போன்றவை துணைச் சேவைகளுள் அடங்கும். மருத்துவமனைச் சுற்றுப்புறம் பற்றிய தலைப்பு பின்னர்ச் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு தலைப்பும் பல சிறு வினாக்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. முழுமையாக நிறைவேறியிருந்தால் 2, ஓரளவு நிறைவேறியிருந்தால் 1, இல்லையெனில் 0 என மதிப்பெண் இடப்படும்.

மதிப்பீடு மூன்று படிகளில் நடைபெறும். முதலில் மருத்துவமனை தன்னைத் தானே மதிப்பிடுகிறது. அடுத்து, இன்னொரு மருத்துவமனையைச் சேர்ந்த குழு வந்து பார்க்கிறது. இறுதியாக வெளி மதிப்பீட்டாளர்கள் வருகின்றனர். விருதுக்குத் தகுதி பெறக் குறைந்தது 70 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். வினாப்பட்டியல் முன்னதாகவே வெளியிடப்பட்ட பொது ஆவணம். எதற்கு மதிப்பெண் என்பதை மருத்துவமனையும் அறியும். விரும்பினால் பொதுமக்களும் படித்தறியலாம். இவ்விருதின் வெளிப்படைத்தன்மை இங்கேதான் தொடங்குகிறது.

உங்கள் சொல்லும் ஒரு சான்று

மதிப்பீட்டாளர்கள் நான்கு வழிகளில் சான்று திரட்டுகின்றனர். நேரில் பார்க்கின்றனர், பதிவேடுகளைப் புரட்டுகின்றனர், பணியாளரிடம் வினவுகின்றனர், நோயாளிகளிடமும் உடனிருப்போரிடமும் கேட்கின்றனர். நான்கும் ஒன்றையொன்று சரிபார்க்கும். கழிப்பறைச் சுவரில் தொங்கும் அட்டையில் நாளொன்றுக்கு மூன்று கையொப்பம் இருக்கலாம். உண்மையில் மூன்று முறை கழுவப்படுகிறதா என்பதை அங்கேயே இரவு பகலாக இருப்பவரே அறிவார்.

ஆனால் நம்மில் பலர், “எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது” என்று சொல்லி முடித்துவிடுகிறோம். உயிரைக் காத்தவர்களைக் குறை கூறலாமா என்ற நன்றியுணர்வு ஒரு காரணம். குறை சொன்னால் செவிலியர் முகம் சுளிப்பாரோ என்ற அச்சம் இன்னொரு காரணம். இரண்டும் மனித இயல்பே. எனினும், மறைக்கப்பட்ட குறை அடுத்து அதே படுக்கைக்கு வரும் நோயாளியைப் பாதிக்கும். அவர் பச்சிளங் குழந்தையாகவோ, நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய முதியவராகவோ இருக்கக்கூடும்.

உண்மையைச் சொல்வது யாரையும் பழிப்பதாகாது. “தூய்மைப் பணியாளர் சரியில்லை” என்பதை விட, “நேற்றிரவு பத்து மணிக்கு மேல் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை” என்பது பயனுள்ள சொல். முன்னது ஒருவர் மீது விழுகிறது. பின்னது குழாயையும் தொட்டியையும் சரிசெய்ய வைக்கிறது. நன்றாக நடந்ததையும் அதே தெளிவுடன் கூறுங்கள். செவிலியர் ஒவ்வொரு முறையும் கை கழுவிய பின்னரே புண்ணைத் தொட்டார் என்றால், அதுவும் பதிவாக வேண்டிய உண்மை.

பரிசுத் தொகை யாருக்கு?

திட்டம் தொடங்கியபோது வகுக்கப்பட்ட விதிப்படி, முதலிடம் பெறும் மாவட்ட மருத்துவமனைக்கு 50 லட்சம் ரூபாயும், மாவட்டந்தோறும் சிறந்த ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றுக்கு 2 லட்சம் ரூபாயும் பரிசு. முதலிடம் பெறாவிடினும் 70 விழுக்காட்டைத் தாண்டிய நிறுவனங்களுக்குப் பாராட்டுச் சான்றும் சிறு தொகையும் உண்டு. பரிசில் 75 விழுக்காட்டை மருத்துவமனையின் வசதிகளை மேம்படுத்தவே செலவிட வேண்டும். 25 விழுக்காடு பணியாளர்களுக்கு ஊக்கத்தொகை. அதாவது பரிசின் பெரும்பகுதி நோயாளிகளுக்கே திரும்பி வர வேண்டிய பணம். அது எதற்குச் செலவாயிற்று என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் எழுத்து மூலம் விண்ணப்பித்தால், பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

விருது எதைச் சொல்லாது?

வரவேற்பறையில் காயகல்ப் சான்று தொங்கினால் அதில் எந்த ஆண்டு எழுதப்பட்டுள்ளது என்று பாருங்கள். சென்ற ஆண்டின் சான்று இன்றைய வார்டுக்கு உறுதிமொழி ஆகாது. மேலும் அது முதன்மையாகத் தூய்மையையும் தொற்றுத் தடுப்பையும் அளப்பது. சிகிச்சையின் தரம், நோயாளியின் உரிமைகள், சிகிச்சையின் விளைவுகள் உள்ளிட்ட எட்டுத் துறைகளை அளப்பதற்குத் தேசியத் தர உறுதி நெறிமுறைகள் எனத் தனி ஏற்பாடு உள்ளது. அதன் தேசியச் சான்றிதழ் 3 ஆண்டுகளுக்குச் செல்லும்.

உடனிருப்போர் செய்யக்கூடியவை

காரைக்கால் மருத்துவமனைகளுக்கு நகரத்தாரும், திருநள்ளாறு, நெடுங்காடு, நிரவி போன்ற கொம்யூன்களைச் சேர்ந்தோரும் மட்டுமல்லாமல், அண்டையிலுள்ள நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டத்தாரும் வருகின்றனர். பலர் உணவும் பாயும் கொண்டு குடும்பத்துடனே வந்து தங்குகின்றனர். ஆகவே வார்டின் தூய்மை பணியாளரின் கையில் மட்டும் இல்லை.

• கழிவுத் தொட்டியின் நிறத்தைக் கவனியுங்கள். இரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சளில். டிரிப் குழாய், கையுறை முதலியன சிவப்பில். ஊசி, கத்தி முனைகள் துளைபடாத வெள்ளைக் கலனில். கண்ணாடி மருந்துக் குப்பிகள் நீலத்தில். இவற்றைச் செவிலியரே போடட்டும்.

• சோற்றுப் பொட்டலத்தையும் பழத்தோலையும் பொதுக் குப்பைத் தொட்டியில் மட்டும் போடுங்கள். மருத்துவக் கழிவுடன் கலந்துவிட்டால் அனைத்தையும் மருத்துவக் கழிவாகவே கருத வேண்டியிருக்கும்.

• பொதுக் குப்பையில் ஊசி கிடந்தால் தொடாமல் உடனே தெரிவியுங்கள். அது தூய்மைப் பணியாளரின் கையில் குத்தினால் மஞ்சள் காமாலையை உண்டாக்கும் பி, சி வைரஸ்களும் எச்.ஐ.வி.யும் தொற்றக்கூடும்.

• நோயாளியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் சோப்பும் நீரும் கொண்டு 40 முதல் 60 நொடி வரை கை கழுவுங்கள். மருத்துவரையும் செவிலியரையும், “கை கழுவிவிட்டீர்களா?” என்று பணிவுடன் கேட்பதில் தவறில்லை.

• வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வளாகத்தில் நீர் தேங்கியிருந்தாலோ, கொசு பெருகியிருந்தாலோ வார்டுப் பொறுப்பாளரிடம் கூறுங்கள். பூச்சித் தடுப்பும் மதிப்பெண்ணுக்கு உரியதே.

மதிப்பீட்டுக் குழு வரும் நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2016இல் தொடங்கிய ‘மேரா அஸ்பத்தால்’ என்னும் கருத்தறியும் ஏற்பாட்டில் இணைந்த மருத்துவமனைகளில், பதிவின்போது நீங்கள் தரும் கைப்பேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தியோ அழைப்போ வரலாம். வீடு திரும்பிய களைப்பில் அதைத் தள்ளிவிடாதீர்கள். மருத்துவமனையின் கருத்துப் பெட்டியும் உங்களுக்காகவே வைக்கப்பட்டுள்ளது. இடம், நாள், நேரம் ஆகிய மூன்றையும் குறித்து இரண்டே வரி எழுதினால் போதும். குறை எங்கே என்று தேடாமல் உடனே சரிசெய்ய அது உதவும்.