எந்த மண்ணுக்கு எழுதிய புத்தகம்?

காவிரிப் பாசனத்தின் கடைமடையில் ஓர் ஊர். சம்பா அறுவடை முடிந்து, மூட்டைகள் கொள்முதல் நிலையத்தில் இறங்கி, பணம் வங்கிக் கணக்குக்கு வந்து சேரும்வரை அங்குள்ள உழவர்களுக்குச் சற்று ஓய்வு உண்டு. அந்த நாட்களில் மாலை ஐந்து மணிக்கு மேல் ஊராட்சி நூலகத்துத் திண்ணையில் நாலைந்து பேர் கூடிவிடுகிறார்கள். 2006-ஆம் ஆண்டு தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் எழும்பிய கட்டடம் அது. இத்தகைய நூலகங்கள் பல ஊர்களில் பூட்டியே கிடக்கின்றன. இவ்வூரில் திறந்திருப்பதற்குக் காரணம், சாவியை வைத்திருப்பவரும் படிக்கிற பழக்கம் உள்ளவர் என்பதுதான்.

செய்தித்தாளைப் புரட்டி முடித்ததும் பேச்சு, "நீங்க இப்ப என்ன படிக்கிறீங்க?" என்பதில் வந்து நிற்கும்.

எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் முக்கூடற்பள்ளு படிக்கிறார். தாமிரபரணியும் சிற்றாறும் கூடும் சீவலப்பேரிப் பகுதியைப் பாடும் பழைய நூல் அது. பேரன் கேட்ட பழைய நெல் பெயர்களைத் தேடப் போய், இப்போது புத்தகத்தை விடமாட்டேன் என்கிறார். சித்திரக்காலி, மணல்வாரி, சீரகச்சம்பா, காடைக்கழுத்தன், பூம்பாளை என்று வரும் பெயர்களில் தாம் விதைத்தவற்றையும், தம் தந்தையார் சொல்லக் கேட்டவற்றையும் பென்சிலால் கோடிட்டு வருகிறார். நூலகப் புத்தகத்தில் கோடு போடலாகாது. ஆனால் அவரை யாரும் கண்டிக்கவில்லை.

மூன்று ஏக்கரைத் தனியாகக் கவனித்துவரும் ஓர் அம்மையார், வேளாண்மைத் துறையும் வேளாண்மைப் பல்கலைக் கழகமும் சேர்ந்து வெளியிடும் பயிர் உற்பத்திக் கையேட்டைப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறார். அவர் கையேட்டுக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மாமனாரின் தகரப் பெட்டியில் 1960-களில் அச்சான பயிர்ப் பாதுகாப்புப் புத்தகம் ஒன்று இருந்தது. ஐ.ஆர்.8, ஆடுதுறை 27 வந்த காலத்துப் புத்தகம். பூச்சி எதுவானாலும் அதில் சொல்லியிருந்த மருந்துகள் இரண்டே: டி.டி.டி., பி.எச்.சி. தூள். சீட்டு எழுதிக்கொண்டு கடைக்குப் போனபோதுதான், அந்த மருந்துகள் இப்போது விற்பனையிலேயே இல்லை என்று தெரிந்தது.

டி.டி.டி.யைப் பயிருக்குப் பயன்படுத்துவது நம் நாட்டில் 1989-இல் தடை செய்யப்பட்டது. பி.எச்.சி. 1997-இல் நின்றது. எண்டோசல்பானை 2011-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. இந்த நஞ்சுகள் மண்ணிலும் பறவையிலும் தாய்ப்பாலிலும் தங்குவதைப் பற்றி அமெரிக்க உயிரியல் அறிஞர் ரேச்சல் கார்சன் 1962-இலேயே எழுதிவிட்டார். அந்த நூல் 'மௌன வசந்தம்' என்று தமிழிலும் கிடைக்கிறது. மருந்து பற்றிய புத்தகத்தைக் கையில் எடுத்தால் முதலில் அச்சிட்ட ஆண்டைப் பார்க்க வேண்டும். தகரப் பெட்டியில் இருந்தது மோசமான புத்தகம் அல்ல. அதன் காலம் முடிந்துவிட்டது, அவ்வளவே.

இளைஞர் எடுத்த புத்தகம்

இந்தத் திண்ணையில் உண்மையான வழக்கு ஒன்று நடந்தது சென்ற ஆடி மாதத்தில். முப்பது வயது உழவர் ஒருவர், ஜப்பானியர் மசானபு புகோகா எழுதிய 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யை மூன்று முறை படித்துவிட்டு, தம் இரண்டு ஏக்கரிலும் அவ்வாண்டு சம்பாவுக்கு உழுவதில்லை, நாற்று விடுவதில்லை, உரம் வைப்பதில்லை என்று முடிவு செய்தார். இதில் அவரைக் குறை சொல்ல முடியாது. உழவுக்கூலி, நடவுக்கூலி, உரம் என்று போட்ட கணக்கில், சென்ற ஆண்டு மிஞ்சியது வைக்கோல் மட்டுமே. கூட்டுறவு வங்கியில் மனைவியின் நகை வேறு இருந்தது. செலவே இல்லாமல் விளையும் என்று ஒரு புத்தகம் சொன்னால் அவர் கை அதற்குத்தான் நீளும்.

"அத்தை, கால் நூற்றாண்டா உழாத வயல்ல நெல் எடுத்திருக்காரு" என்றார் இளைஞர்.

"எடுத்திருப்பாரு, தம்பி. அந்த ஊர்ல மழை எப்படி, தண்ணி யார் கையில, அதைச் சொல்லு" என்றார் அம்மையார்.

இளைஞரிடம் பதில் இல்லை. புத்தகத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தார். பதில் அதிலேயே இருந்தது.

புகோகா 1913-இல் பிறந்தவர். யோகோகாமா துறைமுகத்தில் பயிர் நோய்களை ஆராயும் வேலையில் இருந்து, அதை விட்டுவிட்டு ஷிகோகு தீவில் உள்ள தம் ஊருக்குத் திரும்பினார். முதலில் தந்தையின் ஆரஞ்சுத் தோட்டத்தை இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று கவாத்து செய்யாமல் விட்டார். கிளைகள் பின்னிக்கொண்டு, பூச்சி விழுந்து, மரங்கள் பட்டுப்போயின. இதை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஒன்றும் செய்யாமல் கைவிடுவது வேறு, இயற்கை வேளாண்மை வேறு என்பதை அந்தத் தோட்டத்தை இழந்துதான் கற்றார். அவருடைய புத்தகம் ஜப்பானிய மொழியில் 1975-இல் வந்தது. அதற்கு முன்னால் பல்லாண்டுச் சோதனை இருந்தது. படிப்பவர்களில் பலர் இந்தப் பக்கங்களை வேகமாகத் தள்ளிவிடுகிறார்கள்.

இனி அவருடைய முறையைப் பார்ப்போம். நெல் கதிர் முற்றி நிற்கும்போதே அதனுள் வெள்ளைக் குளோவர் என்னும் தீவனப் பயறையும் பார்லியையும் தூவுவார். நெல்லை அறுத்து, வைக்கோலை நறுக்காமல் வயல் முழுதும் பரப்புவார். அடுத்த ஆண்டு நெல்லுக்கான விதையைக் களிமண் உருண்டைக்குள் வைத்து, பார்லிக்குள்ளேயே எறிவார். வைக்கோல் மக்குவதற்குக் கொஞ்சம் கோழி எரு உண்டு. ஜூன் மாத மழையில் சில நாட்கள் மட்டும் தண்ணீரைக் கட்டுவார். களையும் குளோவரும் துவண்டுவிடும், நெல் மேலே வரும். அந்தச் சில நாள் தண்ணீர்தான் அவருடைய களைக்கொல்லி.

கடைமடை உழவரிடம் இல்லாதது அதுவே. வேண்டிய நாளில் தண்ணீர் கட்டவும், வேண்டிய நாளில் வடிக்கவும் அவருக்கு வசதி கிடையாது. மேட்டூர் திறந்தாலும் கடைசி வாய்க்காலுக்கு முறை எப்போது என்று தெரியாது. ஐப்பசி அடைமழையிலோ வடிகால் இல்லாமல் வயல் மூழ்கும். ஷிகோகுவில் மழை ஆண்டு முழுதும் பரவிப் பெய்கிறது. தமிழ்நாட்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. மேலும் வெள்ளைக் குளோவர் குளிர்நாட்டுச் செடி. நம் வெயிலுக்கு அது நிற்காது.

பெரியவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வள்ளுவர் உழவு அதிகாரத்தில வேற மாதிரியில்ல சொல்றாரு?" என்றார். ஒரு பலம் புழுதி கால் பலமாகக் காயும்படி உழுது போட்டால் ஒரு பிடி எருவும் இல்லாமல் பயிர் செழிக்கும் என்பது குறள். ஒருவர் உழாதே என்கிறார், மற்றவர் நன்றாக உழுது காயப் போடு என்கிறார். இரண்டும் மெய்தான். கோடையில் உழுது காயவிட்டால் கோரைக் கிழங்கு வெயிலில் வதங்கும், கூட்டுப்புழு மேலே வந்து பறவைக்கு இரையாகும், அடுத்த மழை மண்ணுக்குள் இறங்கும். வறண்ட கோடை உள்ள நாட்டுக்கு இது பொருந்தும். ஈரமே காயாத நாட்டில் மண்ணைக் காய வைப்பது எங்கே?

ஐந்து சென்ட்

அம்மையாரின் யோசனைப்படி இளைஞர் ஐந்து சென்ட் மட்டும் ஒதுக்கினார். மற்றதில் வழக்கமான சாகுபடி. இரண்டிலும் ஒரே ரகம். விதைத்த நாள், களை எடுத்த ஆள், அறுத்த நெல் என்று தனித்தனியாக நாட்குறிப்பில் எழுதினார். இந்த எழுத்து இல்லாவிட்டால், நன்றாக விளைந்தால் புத்தகத்தின் பெருமை என்றும், விளையாவிட்டால் ஆண்டின் குற்றம் என்றும் பேசிவிட்டு மறந்துவிடுவோம்.

களிமண் உருண்டைகள் முளைத்தன. புரட்டாசித் தூறலில் அவற்றோடு கோரையும் குதிரைவாலிப் புல்லும் முளைத்தன. அடக்கத் தண்ணீர் வரவில்லை. கணவனும் மனைவியும் குனிந்து களை எடுத்தும், அந்த ஐந்து சென்டில் கிடைத்தது விதைநெல்லுக்குக் கொஞ்சம் மேல். இரண்டு ஏக்கரிலும் இதைச் செய்திருந்தால் நகை ஏலத்துக்குப் போயிருக்கும். செய்யாததால், மற்ற நிலத்து நெல்லை விற்று வட்டியைக் கட்டி நகையை மாற்றி வைக்க முடிந்தது.

ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. கதிர் நிற்கும்போதே அடுத்த பயிரைத் தூவுவது என்ற பக்கத்தைப் படித்த பெரியவர் சிரித்துவிட்டார். "இதுக்கு ஜப்பானுக்குப் போவானேன்? நம்ம தை உளுந்து என்னவாம்?" என்றார்.

அவர் சொன்னது சரியே. சம்பா, தாளடி அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்னால், மெழுகுப் பதம் இருக்கும்போது ஏக்கருக்குப் பன்னிரண்டு கிலோ உளுந்தைக் கதிருக்குள் தூவிவிட்டு, உழாமல், தண்ணீர் பாய்ச்சாமல், மண்ணில் எஞ்சிய ஈரத்திலும் பனியிலுமே விளைவிப்பது காவிரிப் படுகையின் பழைய வழக்கம். அறுவடை இயந்திரம் வந்தபின் முளைத்த செடி சக்கரத்தில் நசுங்குகிறது என்று பலர் இதைக் கைவிட்டனர். இளைஞர் இம்முறை இருபத்தைந்து சென்டைக் கையறுப்புக்கு ஒதுக்கி உளுந்து தூவினார். அதில் ஐந்து சென்டில் மட்டும் அறுத்த வைக்கோலை மண் தெரியாத அளவுக்கு மெல்லப் பரப்பினார். தடித்துப் போட்டால் முளை மேலே வராது. மீதி வைக்கோல் இரண்டு மாட்டுக்கு வேண்டும். அதுவும் கணக்கில் உண்டல்லவா?

வைக்கோலைப் பற்றி ஒரு செய்தி. நெற்பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பங்கு மணியில் இல்லை, வைக்கோலில் தங்குகிறது. ஒரு டன் வைக்கோலில் 14 முதல் 20 கிலோ வரை சாம்பல் சத்து உண்டு. கட்டுக் கட்டாக விற்கும்போது அதுவும் வண்டி ஏறிப் போகிறது. மாட்டுக்குப் போட்டு, சாணமும் மூத்திரமும் வயலுக்குத் திரும்பினால் இழப்பு குறைவு. வைக்கோலை அப்படியே சேற்றில் மிதித்து உடனே நட்டால் மட்டும் எச்சரிக்கை தேவை. மக்கும்போது நுண்ணுயிர்கள் தழைச்சத்தை இழுத்துக்கொள்வதால் இளம்பயிர் மஞ்சளாகும். இரண்டு மூன்று வாரம் இடைவெளி விட வேண்டும். புகோகா வைக்கோலை மண்ணுக்குள் புதைக்காமல் மேலே பரப்பியதில் இந்த நன்மையும் அடங்கியிருக்கிறது.

உளுந்து பூக்கத் தொடங்கியதும் தெளிக்க வேண்டியதைக் கையேட்டைப் பார்த்து அம்மையார் எழுதிக் கொடுத்தார். ஏக்கருக்கு நான்கு கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் இரவு பத்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் தெளிந்த நீரை மட்டும் வடித்து, இருநூறு லிட்டராக்கி மாலை நேரத்தில் தெளிப்பது. பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை. புகோகா இதை ஏற்கமாட்டார் என்று இளைஞர் சொல்லிப் பார்த்தார். வைக்கோல் பரப்பிய ஐந்து சென்டில் தெளிக்காமலும், மற்ற இருபதில் தெளித்தும் பார்ப்பது என்று முடிவாயிற்று. மாசி வெயில் ஏறியபோது தெளித்த பகுதியில் காய்ப்பிடிப்பு அதிகமாகத் தெரிந்தது. வைக்கோல் பரப்பிய பகுதியில் மண் வெடிக்காமல், இலை வாடாமல் நின்றது. இரண்டும் நாட்குறிப்பில் இருக்கின்றன.

'ஒற்றை வைக்கோல் புரட்சி' இப்போது அம்மையாரிடம் இருக்கிறது. இளைஞர் அவரிடமிருந்து கையேட்டை வாங்கியிருக்கிறார். வெள்ளைக் குளோவருக்குப் பதிலாக நம் மண்ணில் எதை நெல்லோடு வளர்க்கலாம் என்று தேடி, நேரடி விதைப்பு நெல்லுடன் தக்கைப்பூண்டைச் சேர்த்து விதைத்து, ஐந்தாவது வாரவாக்கில் கோனோவீடரால் மிதித்துவிடும் முறையைக் கண்டுபிடித்தார். அதற்குக் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். புரட்டாசிக் கடைசியில் நிற்குமா என்று பெரியவரைக் கேட்டிருக்கிறார். அந்தப் பக்கத்தில் ஒரு பேருந்துச் சீட்டு அடையாளமாகச் செருகியிருக்கிறது.