நாய்க்குப் போடும் பூஞ்சண உணவு

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கேளம்பாக்கம் வட்டாரத்தில் வாழ்வோர்க்கு ஈரம் புதிதன்று. ஒருபுறம் கடல், அருகே உப்பங்கழி, மேலே பருவமழை. சுவரில் கருமை படர்கிறது; பெட்டியிலுள்ள துணி நாறுகிறது; ரொட்டியின்மேல் பச்சைப் பொடி தூவினாற்போல் பூஞ்சணம் பூக்கிறது. அந்த ரொட்டியை நாம் உண்பதில்லை. "வீணாக்குவானேன், நாய்க்குப் போடு" என்கிறோம். இந்தச் சொல்லைப் பற்றியே சிறிது சிந்திக்க விழைகிறோம்.

1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. காரணம் விளங்காமையால் 'எக்ஸ் நோய்' என்று பெயரிட்டனர். ஆய்ந்து பார்த்ததில், தீவனத்தில் கலந்திருந்த பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கே காரணம் என்று தெரிந்தது. அப்பூஞ்சணம் விட்டுச்சென்ற நஞ்சு அஃப்ளடாக்சின் எனப்படுகிறது. அது கல்லீரலைச் சிதைப்பது.

நம் நாட்டிலும் இத்துயர் நிகழ்ந்தது. 1974-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில், காலமல்லாக் காலத்தில் பெய்த மழையில் மக்காச்சோளம் நனைந்தது. வறிய மக்கள் அதையே வீட்டில் சேமித்து உண்டனர். 397 பேர் நோயுற்றனர். 106 பேர் மாண்டனர். அவ்வுணவைப் பகிர்ந்துகொண்ட வீட்டு நாய்களுக்கும் அதே மஞ்சட்காமாலை, அதே வயிற்று வீக்கம், அதே சாவு. மனிதனின் ஈரலுக்கு ஆகாதது நாயின் ஈரலுக்கும் ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

"கொதிக்க வைத்துத்தானே போடுகிறோம்" என்பர் சிலர். கொதிநீரில் பூஞ்சணம் சாகும். அது கக்கிய நஞ்சு சாகாது. பூத்த பகுதியைக் கிள்ளி எறிந்தாலும், கண்ணுக்குத் தெரியாத நஞ்சு எஞ்சிய பகுதியில் ஊறியிருக்கக்கூடும். சிலவகைப் பூஞ்சணம் பிடித்த ரொட்டியைத் தின்ற நாய்க்கு உடல் நடுக்கமும் வலிப்பும் காண்பதுண்டு.

உணவு வழியே மட்டுமன்று, மூச்சு வழியேயும் தீங்கு வரும். ஈர உமியிலும் வைக்கோலிலும் வளர்க்கப்படும் கோழிக்குஞ்சுகள் பூஞ்சணத் தூளைச் சுவாசித்து, அலகைத் திறந்தபடி மூச்சுக்குத் திணறி மடிகின்றன. கூண்டுக் கிளிகளுக்கும் இந்நோய் வரும். ஆயினும், சுவரில் ஒரு கறையைக் கண்டவுடன் கலங்க வேண்டுவதில்லை. எல்லாப் பூஞ்சணமும் கொடியதன்று. ஈரத்தை அப்படியே விட்டுவைப்பதுதான் பிழை.

நாம் செய்யத்தக்கவை எளியவை. தவிடு, புண்ணாக்கு, நொய் மூட்டைகளைத் தரையிலும் சுவரிலும் படாமல் பலகைமேல் வையுங்கள். மழைக்காலத்தில் சிறிது சிறிதாக வாங்குங்கள். வெயில் கண்டபோது தானியத்தை நன்கு உலர்த்துங்கள். ஆனால், பூத்துவிட்ட தீவனத்தை உலர்த்தினால் நஞ்சு நீங்கிவிடாது, அதை எறிவதே முறை. நாய் கிளறாதபடி மூடிய தொட்டியில் போடுங்கள். கோழிக்கூட்டின் ஈர உமியை உடனுக்குடன் மாற்றுங்கள். சுவரைத் தேய்த்துக் கழுவுவதோடு நில்லாமல், நீர் கசியும் இடத்தைக் கண்டு அடையுங்கள்.

நாய் உணவை வெறுத்தல், வாந்தி, சோர்வு, கண்ணிலும் ஈறிலும் மஞ்சள் நிறம், நடுக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினும் கைவைத்தியத்தில் நாளைக் கழிக்காதீர்கள். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்கோ, 1903-இல் தொடங்கப்பெற்ற சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கோ கொண்டுசெல்லுங்கள். அது தின்ற தீவனத்திலும் ஒரு பிடி எடுத்துச் செல்லுங்கள். நோயறிய அது துணைபுரியும்.

வாயில்லா உயிர் நாம் இட்டதை நம்பித் தின்கிறது. அதைச் சோதித்துப் பார்க்கும் அறிவு நமக்கே உண்டு. நம் பிள்ளையின் தட்டில் வைக்கத் துணியாததை அதன் தட்டிலும் வைக்காதிருப்போம். 2015-லும் 2023-லும் பெருமழையில் நனைந்த மூட்டைகளின் நாற்றத்தை இவ்வட்டாரத்து இல்லங்கள் பல இன்னும் மறந்திரா. அடுத்த மழைக்குமுன் நம் வீட்டு மூட்டையை ஒருமுறை அவிழ்த்துப் பார்ப்போமாக.