உங்களுக்குத் தெரியுமா? ஜொகூர் பாருவில் ஒரு பத்தமடை டாக்டர்

● உலகத்துக்கு யோகாசனம் சொல்லிக்கொடுத்த சுவாமி சிவானந்தர் மூன்று வருஷம் நம் ஜொகூர் பாருவில் இருந்தவர். அப்போது அவர் சுவாமி இல்லை, டாக்டர் குப்புசாமி. திருநெல்வேலிச் சீமைப் பத்தமடையில் 1887 செப்டம்பர் 8-ஆம் தேதி பிறந்தவர். தஞ்சாவூரில் மருத்துவம் படித்தார். ‘அம்ப்ரோசியா’ என்று ஒரு மருத்துவ இதழ் நடத்தினார். 1913-இல் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். முதல் ஏழு வருஷம் சிரம்பான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை. அடுத்த மூன்று வருஷம் இங்கே, ஜொகூர் மெடிக்கல் ஆபீஸில். அவர் பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் ரிஷிகேஷும் கங்கையும்தான் ஞாபகம் வரும். அந்தக் கதையில் ஜொகூர் நீரிணைக்கும் ஓர் ஓரம் உண்டு என்பதை நாம்கூட மறந்துவிட்டோம்.

● கப்பலில் அவர் எதைச் சாப்பிட்டார் தெரியுமா? அம்மா கட்டிக்கொடுத்த இனிப்புப் பட்சணங்களை. சைவக்காரர், கப்பல் சமையலைத் தொட மனம் வரவில்லை. நாள்கணக்கில் இனிப்பையே தின்று, பாதி உயிராகத்தான் கரை இறங்கினாராம். பிற்காலத்தில் அளவான உணவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர் இவர்!

தோட்டத்து மேலாளர் இவரைப் பார்த்து, ஓர் ஆஸ்பத்திரியைத் தனியாகக் கவனிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். மூன்று என்றாலும் முடியும் என்றாராம் இவர். அந்த வயது அப்படி.

● அவர் ஜொகூர் பாருவில் இருந்த நாளில் சிங்கப்பூருக்குப் போகப் பாலம் கிடையாது, படகுதான். பாலத்து வேலை 1919-இல் தொடங்கியது. 1923-இல் சரக்கு ரயில் ஓடியது. முறைப்படி திறந்தது 1924 ஜூனில். டாக்டர் ஊர் திரும்பியது 1923-இல். கல் கொட்டுவதை எல்லாம் பார்த்திருப்பார், அதில் நடந்து போகக் கொடுத்துவைக்கவில்லை. இன்றைக்கு அந்தப் பாலத்தில் விடிகாலை நிற்கிறவர்களைக் கேட்டால், ‘அவர் தப்பித்தார்’ என்பார்கள்.

● பத்தமடை எதற்குப் பேர்போன ஊர்? பாய்க்கு! தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, மெல்லிசாகக் கிழித்து, சாயம் தோய்த்து நெய்வது. நெய்கிறவர்களில் பெரும்பாலோர் லெப்பை முஸ்லிம் குடும்பத்தார். நயமான ரகத்தைப் பட்டுப்பாய் என்பார்கள், துணிபோல மடிக்கலாம். புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. உலகமே பாய் விரித்து ஆசனம் போடுவதற்குக் காரணமானவர்களில் ஒருவர் பாய் நெய்யும் ஊரிலிருந்து வந்திருக்கிறார். இதை யாரும் திட்டமிட்டு எழுதியிருக்க முடியாது.

ஆனால் ஒரு சங்கடம். நம் தாமான் வீடுகளில் தரை பூராவும் வழவழ ஓடு. கோரைப்பாய் அதில் வழுக்கும். நின்றபடி செய்கிற ஆசனத்துக்கு ரப்பர் விரிப்புத்தான் பத்திரம். பால்மரத்து ரப்பரில் செய்ததும் கடையில் கிடைக்கிறது. தாத்தா வெட்டிய பாலின் மேல் பேரன் குப்புறப் படுத்துப் புஜங்காசனம் போடலாம்.

● சர்வதேச யோகா தினம் ஏன் ஜூன் 21? வட பாதி உலகத்தில் அன்றைக்குத்தான் பகல் நீளம். 2014 டிசம்பர் 11-இல் ஐ.நா. பொதுச்சபை இந்தத் தீர்மானத்தை எடுத்தபோது 177 நாடுகள் சேர்ந்து முன்மொழிந்தன. ஜொகூர் பாரு பூமத்திய ரேகைக்கு ஒன்றரை டிகிரிதான் வடக்கே. நமக்கு அந்த நாளும் மற்ற நாளும் சில நிமிஷ வித்தியாசம். தவிர, இங்கே சூரியன் உதிக்கவே ஏழு மணி ஆகிறது. அதற்குள் பாதிப் பேர் மோட்டாரில் உட்லண்ட்ஸைத் தாண்டிவிடுகிறார்கள். சூரிய நமஸ்காரம் செய்ய வேண்டுமென்றால் சூரியன் இல்லாமலே செய்ய வேண்டியதுதான்.

● மூச்சுக்கு வருவோம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிஷத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது மூச்சு விடுகிறோம். அதை ஆறாகக் குறைத்தால் என்ன ஆகும்? இத்தாலியின் பாவியா நகர ஆய்வாளர்கள் 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். 23 பேரை ஒருமுறை கத்தோலிக்க ஜெபமாலை சொல்லவைத்தார்கள், இன்னொரு முறை மந்திரம் ஜபிக்கவைத்தார்கள். இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிஷத்துக்கு ஆறுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கழுத்து ரத்தக்குழாயில் அழுத்தத்தை உளவு பார்க்கும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் இதயத்தை மெதுவாக்கச் சொல்வது அவற்றின் வேலை. மூச்சு ஆறில் ஓடும்போது அவை கூர்மையாக வேலை செய்தன.

நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டால் நிமிஷத்துக்கு ஆறு வந்துவிடும். கணக்கு அவ்வளவுதான். பாலத்து மோட்டார் லேனில் மட்டும் முயற்சி பண்ணாதீர்கள். அங்கே ஆழமாக இழுத்தால் உள்ளே போவது புகை.

● திருமூலருக்கும் ஒரு மூச்சுக் கணக்கு உண்டு. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் யோகத்தைப் பற்றியது. அதில் இழுக்க 16, அடக்க 64, விட 32 மாத்திரை என்று வருகிறது. 64 எண்ணும்வரை அடக்குவது பழகினவர்களுக்கு. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவர் அந்தப் பக்கமே போக வேண்டாம். மாத்திரை என்ற சொல் இரண்டு இடத்திலும் வந்துவிட்டது, தற்செயல்தான்.

● வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று வண்டுபோல ரீங்கரிப்பது பிராமரி பிராணாயாமம். சின்னப் பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சுவீடன் ஆய்வாளர்கள் 2002-இல் அளந்து பார்த்தார்கள். சாதாரணமாக மூச்சு விடுவதைவிட ரீங்கரிக்கும்போது மூக்கிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு 15 மடங்கு. ஒலி அதிர்வில் மூக்கைச் சுற்றிய எலும்புக்குழிகளின் காற்று உள்ளே வெளியே போய்வருகிறது. அதுதான் காரணம். சைனஸ் சளி கட்டும் இடமும் அந்தக் குழிகள்தான்.

● பத்திரிகை படிப்பதைவிட யோகா மனசுக்கு நல்லது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் சோதனை அப்படித்தான் நடந்தது. 2007-இல் பாஸ்டனில் ஓர் அணியை ஒரு மணி நேரம் ஆசனம் செய்யவைத்தார்கள். இன்னோர் அணியை அதே ஒரு மணி நேரம் பத்திரிகையும் கதையும் படிக்கச் சொன்னார்கள். பிறகு மூளையை ஸ்கேன் செய்து ‘காபா’ என்ற வேதிப்பொருளை அளந்தார்கள். நரம்புகளின் படபடப்பை அடக்குகிற பொருள் அது, பதற்ற நோயில் குறைந்துபோவது. ஆசனம் செய்தவர்களுக்கு 27 விழுக்காடு கூடியிருந்தது. படித்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு அணியும் சேர்ந்து 19 பேர்தான், எனவே இதை வைத்துச் சத்தியம் பண்ண முடியாது. இந்தப் பக்கத்தைப் படித்து முடித்த பிறகு எழுந்தால் போதும்.

● 1958-இல் டேராடூனில் விமானப்படைத் தேர்வு. இருபத்தைந்து பேரில் ஒன்பதாவதாக வந்தார் ஓர் இராமேசுவரத்து இளைஞர். எடுத்தது எட்டுப் பேரை. மனம் உடைந்து ரிஷிகேஷ் போனவர், அங்கே சிவானந்தரைப் பார்த்துத் தன் கதையைச் சொன்னார். இது உன் வழி இல்லை, உனக்கு வேறு வழி காத்திருக்கிறது என்கிற அளவில் அவர் தேற்றி அனுப்பினார். இளைஞர் பெயர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். பாயே விரிக்காமல் கிடைத்த வைத்தியம்!

● இனிப்புநீருக்கு யோகா நல்லதா? நம் வீடுகளில் அதிகம் கேட்கிற கேள்வி. கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் பத்துக்கு மூன்று பேருக்கு இனிப்புநீர். எல்லா இனத்தையும்விட நாம்தான் முன்னால். தசை சுருங்கி வேலை செய்யும்போது ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இன்சுலின் தயவு இல்லாமலே இழுத்துக்கொள்ளும். நாற்காலியில் உட்காருவதுபோல முழங்காலை மடக்கி நிற்கும் உத்கடாசனத்தை அரை நிமிஷம் பிடியுங்கள், தொடை சொல்லும்.

ஆனால் ஆசனம் மட்டும் போதும் என்று நடையை விட்டுவிடாதீர்கள். நிதானமான ஹட யோகம் செலவழிக்கும் சக்தி வேக நடையைவிடக் குறைவு. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிஷமாவது மூச்சு வாங்குகிற மாதிரி உடலசைவு. ஆசனம் முடித்த கையோடு மாமாக் கடையில் தே தாரிக்கும் ரொட்டி சானாயும் என்றால், கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று உங்களுக்கே தெரியும்.

● இடுப்பு வலி. பஸ் ஓட்டுகிறவர், லோரி ஓட்டுகிறவர், தினமும் மூன்று மணி நேரம் மோட்டாரில் குனிந்து பாலம் கடக்கிறவர், யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இது. யோகாவுக்கு உறுதியான சான்று இருக்கும் இடமும் இதுதான். 2017-இல் பாஸ்டனில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர் 320 பேரை வைத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு வாரம் யோகா வகுப்புக்குப் போனவர்கள், பிசியோதெரபிக்குப் போனவர்களுக்குக் குறையாத பலன் கண்டார்கள். வலி மாத்திரை குறைந்தது. அதே ஆண்டு அமெரிக்க மருத்துவர் கல்லூரி தன் வழிகாட்டியில், நாள்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் முயன்று பார்க்க வேண்டியவற்றில் யோகாவையும் சேர்த்தது.

மறுபக்கமும் உண்டு. 2022-இல் 21 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் குழு, பலன் உண்டு, ஆனால் சிறிய அளவு என்றது. ஆசனம் செய்து வலி கூடியவர்களும் அதில் இருந்தார்கள். வகுப்பில் பக்கத்துப் பாய்க்காரர் நெற்றியால் முழங்காலைத் தொடுகிறார் என்று நாமும் தொடப் போவதுதான் பாதி வம்புக்குக் காரணம். தொடவில்லை என்றால் யாரும் அபராதம் போட மாட்டார்கள்.

● பாசிர் கூடாங், செனாய் தொழிற்சாலைகளில் வரிசையில் நின்று ஒரே வேலையைச் செய்கிறவர்களுக்கு விரல் மரத்துப்போவது உண்டு. தீபாவளிக்கு முறுக்குப் பிழிகிற அக்காமார்களுக்கும்தான். மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவது காரணமாக இருக்கலாம். 1998-இல் அமெரிக்காவில் அப்படிப்பட்ட 42 பேரைப் பார்த்தார்கள். வாரம் இரண்டு முறை, எட்டு வாரம், 11 ஆசனம். பிடி வலுத்தது, வலி குறைந்தது. மணிக்கட்டுப் பட்டை மாட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த அளவு முன்னேற்றம் இல்லை.

● ஆசனங்களில் ராஜா சிரசாசனம் என்பார்கள். சிவானந்தரும் அதைத் தூக்கிப் பேசியவர்தான். தலைகீழாக நின்றால் கண்ணுக்குள் என்ன நடக்கிறது? சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் யோகா பழகிய 75 பேரை வைத்து அளந்தார்கள், 2006-இல் வெளியிட்டார்கள். கண் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. நல்ல கண் அதைத் தாங்கும், நேராக நின்றதும் இறங்கிவிடும். கிளௌகோமா இருப்பவர்களுக்கு அது விஷப்பரீட்சை. குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்தால் ராஜாவைத் தூரத்திலிருந்தே கும்பிட்டுக்கொள்ளுங்கள்.

● 2008 நவம்பரில் நம் நாட்டில் யோகா பெரிய விவாதம் ஆனது ஞாபகம் இருக்கிறதா? மந்திர உச்சாடனமும் வழிபாடும் கலந்த யோகா முஸ்லிம்களுக்கு ஆகாது என்று தேசிய ஃபத்வா மன்றம் 22-ஆம் தேதி அறிவித்தது. உச்சாடனம் இல்லாத வெறும் உடற்பயிற்சி என்றால் தொடரலாம் என்று அன்றைய பிரதமர் அப்துல்லா அகமட் படாவி சில நாளில் விளக்கம் சொன்னார்.

● சிவானந்தரின் சீடர் ஒருவர் கோயம்புத்தூர்ச் செட்டிப்பாளையத்துக்காரர், சுவாமி சச்சிதானந்தா. 1969-இல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசைவிழாவைப் பேசித் தொடங்கி வைத்த தாடிக்காரர் இவரே. இவரிடம் பழகியவர் டீன் ஆர்னிஷ் என்ற அமெரிக்க டாக்டர். அவர் இதய நோயாளிகள் 48 பேரை இரண்டு அணியாகப் பிரித்தார். ஓர் அணிக்கு ஆசனம், மூச்சு, தியானம், கொழுப்பு மிகக் குறைந்த சைவ உணவு, நடை, புகையை விடுவது எல்லாம் சேர்த்துக் கொடுத்தார். ஒரு வருஷத்தில் அவர்களுடைய ரத்தக்குழாய் அடைப்பு சிறிது திறந்தது. மற்ற அணிக்கு இன்னும் இறுகியது. 1990-இல் லான்செட்டில் வந்தது. யோகா மட்டுமே சாதித்தது என்று இதைக் காட்டிப் பேசுகிறவர்கள், சாப்பாட்டை மாற்றியதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

● வகுப்பில் எல்லாருக்கும் பிடித்த ஆசனம் சவாசனம். கைகாலைத் தளர்த்தி, கண்ணை மூடிக் கிடப்பது. ஐந்தாவது நிமிஷம் ஒரு மூலையிலிருந்து குறட்டை வரும். இரவுப் பணி முடித்து நேராக வந்தவராக இருக்கும். எழுப்பாதீர்கள், அவருக்கு வேண்டியது அதுவாகத்தான் இருக்கும்.

● ஜொகூர் பாருவை விட்டுப்போன டாக்டர் 1924-இல் ரிஷிகேஷில் காவி உடுத்தினார். டாக்டர் வேலையை விட்டாரா? இல்லை. 1927-இல் தன் இன்சூரன்ஸ் பணம் கைக்கு வந்ததும், லட்சுமண் ஜூலாவில் சாதுக்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் ஓர் இலவச மருந்தகம் திறந்தார். முதல் யோகா புத்தகம் அச்சானது அதற்கும் இரண்டு வருஷம் கழித்துத்தான்.