தேதிவாரிக் கூட்டல்: மே 31 எங்கே போனது?

நம் சங்கத்து அன்பர்களில் கடை வைத்திருப்பவர்கள் உண்டு. சீட்டுப் பிடிப்பவர்கள் உண்டு. நாலு பேர் வற்புறுத்தியதால் குடியிருப்போர் சங்கத்துக்குப் பொருளாளர் ஆனவர்களும் உண்டு. இவர்கள் வீட்டில் கணிப்பொறி படித்த பிள்ளை ஒன்று இருந்தால் போதும், "நம்ம கணக்கையும் இதில் போட்டுக் கொடேன்" என்ற வேண்டுகோள் வந்துவிடும். பிள்ளையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்துக் கொடுத்துவிடும். திரையில் ஒரு படிவம். அதில் முதல் தேதி, கடைசித் தேதி என இரண்டு கட்டங்கள். கீழே மூன்றாவது கட்டத்தில் மொத்தத் தொகை. பார்க்க எளிதுதான். ஆனால் அந்த மூன்றாவது கட்டத்து எண்ணை நம்பித்தான் வரி கட்டுகிறோம். பொதுக்குழுவில் கணக்கு வாசிக்கிறோம். அது எப்படி வருகிறது என்பதைப் பெரியவர்களும் தெரிந்துகொள்வது நல்லது.

அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளை அன்றாட வரவு செலவைத் தேதி போட்டுச் சிட்டையில் எழுதுவார். பிறகு பெயர்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவார். கணிப்பொறியில் 'டேபிள்' என்று சொல்லப்படும் அட்டவணையும் சிட்டைதான். ஒரு வரிக்கு ஒரு பதிவு. தேதிக்கு ஒரு பத்தி, பெயருக்கு ஒன்று, தொகைக்கு ஒன்று.

இந்தச் சிட்டையைக் கணிப்பொறிக்குள் கொண்டுவந்ததில் நம் பெங்களூருக்குப் பெரும் பங்கு உண்டு. ஜவுளி ஆலைகளுக்கு மூலப்பொருள்களும் இயந்திர உதிரிபாகங்களும் விற்றுவந்த சியாம் சுந்தர் கோயங்கா, தம் தொழிலுக்கு ஏற்ற கணக்குப் புரோகிராம் கிடைக்காமல், கணிதம் படித்த தம் மகன் பரத் கோயங்காவையே எழுதச் சொன்னார். 1986-ல் பியூட்ரானிக்ஸ் என்று தொடங்கி, 1999-ல் டாலி சொல்யூஷன்ஸ் என்று பெயர் மாறிய நிறுவனம் அதிலிருந்து பிறந்ததுதான். பரத் கோயங்காவுக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அப்பா கேட்டு மகன் எழுதியது என்ற வகையில், நம் வீட்டுக் கதையும் அதுவேதான்!

டாலியில் பழைய தேதியிட்டு ஒரு ரசீதைப் பதிந்தால், அந்த மாதத்து மொத்தம் தானே மாறிவிடும். ஏனென்றால் மொத்தம், பதிவுகளிலிருந்து கூட்டி எடுக்கப்படுகிறது. வீட்டில் செய்யும் புரோகிராமிலும் மொத்தத்தை அட்டவணையில் எழுதிவைக்கக் கூடாது. எழுதிவைத்தால், பின்னால் ஒரு பதிவைத் திருத்தும்போது பழைய மொத்தம் அப்படியே நின்றுவிடும்.

கூட்டச் சொல்லும் மொழி எஸ்.க்யூ.எல். ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் 1970-ல் வெளியிட்ட கட்டுரையை அடிப்படையாகக் கொண்டு, அங்கேயே பணியாற்றிய சேம்பர்லின், பாய்ஸ் இருவரும் 1974-ல் அறிமுகப்படுத்திய மொழியிலிருந்து வளர்ந்தது. அதில் 'சம்' என்றால் கூட்டு. 'வேர்' என்றால் இன்ன நிபந்தனைக்கு உட்பட்டவற்றை மட்டும். 'குரூப் பை' என்றால் நாள்வாரியாகப் பிரித்துக் காட்டு. மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் இந்த வேலையைப் படிவத்தின் கட்டத்திலேயே செய்ய 'டி-சம்' என்ற வசதி இருக்கிறது. இதுவரை சிக்கல் இல்லை.

சிக்கல் தேதியில் வருகிறது. அல்சூரில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். 2024 மே மாத விற்பனை வேண்டும். மே 1 முதல் மே 31 வரை என்று கட்டங்களில் கொடுக்கிறோம். வந்த மொத்தம் குறைகிறது. தேடிப் பார்த்தால் 31-ஆம் தேதி விற்பனையையே காணோம்!

ஆக்சஸ், தேதியை நாள் எண்ணிக்கையாக வைத்துக்கொள்கிறது. 1899 டிசம்பர் 30-ஐப் பூஜ்யமாகக் கொண்டு எண்ணினால், 2024 மே 31 என்பது 45443. நேரம் அதன் பின்னம்; அன்று பகல் 12 மணி என்றால் 45443.5. '31 வரை' என்று நாம் சொன்னதை அது 45443 வரை என்று எடுத்துக்கொள்கிறது. அதாவது 31 பிறக்கும் நள்ளிரவு வரை மட்டும். பகல் விற்பனை எல்லாம் அதைவிடப் பெரிய எண், ஆகவே வெளியே நின்றுவிடுகிறது. ஜூன் கணக்கு 1-ஆம் தேதி தொடங்குவதால் அதிலும் சேராது. இரண்டு மாத ஜி.எஸ்.டி. கணக்கிலும் இல்லாத ஒரு நாள் விற்பனைக்கு அதிகாரியிடம் என்ன பதில் சொல்வது?

மருந்து எளிது. 'மே 31 வரை' என்பதற்குப் பதில் 'ஜூன் 1-க்கு முன்' என்று நிபந்தனை எழுதச் சொல்லுங்கள். படிவத்தில் நாம் 31 என்றே கொடுக்கலாம். புரோகிராம் ஒரு நாள் கூட்டிக்கொள்ளட்டும். நேரம் தேவையில்லாத கணக்கு என்றால், பதியும்போதே 'நௌ' என்பதை விட்டு 'டேட்' என்பதைப் பயன்படுத்தினால் பின்னம் சேராது.

இன்னொரு தொல்லை அமெரிக்கப் பழக்கம். ஆக்சஸில் எஸ்.க்யூ.எல். வாக்கியத்துக்குள் 03/04/2024 என்று எழுதினால், நம் கணிப்பொறியில் இந்திய முறை அமைந்திருந்தாலும், அது மார்ச் 4 என்றே கொள்ளும். 13/04 என்று எழுதினால் 13-ஆவது மாதம் இல்லையே என்று தானாக ஏப்ரல் 13 ஆக்கிக்கொள்ளும். மாதத்தின் முதல் 12 நாள்களில் தப்பு, பிறகு சரி! இதனால்தான் 20-ஆம் தேதி சோதித்துப் பார்த்தவருக்குக் குற்றம் கண்ணில் படுவதில்லை. ஆண்டை முதலில் வைத்து 2024-04-03 என்று எழுதினால் குழப்பம் இல்லை. தேதியை வெறும் எழுத்தாகச் சேமிப்பது இன்னும் மோசம். 01-12-2023 என்பது 02-01-2022-க்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

தொகைப் பத்திக்குக் 'கரன்சி' வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தசமப் பின்னங்களில் பைசா நழுவாது. பதிவே இல்லாத நாளுக்கு 'டி-சம்' பூஜ்யம் தராது, வெறுமையைத் தரும். கட்டம் காலியாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். 'என்-இஸட்' என்பதைச் சேர்த்தால் பூஜ்யம் வந்துவிடும்.

பிள்ளை செய்து கொடுத்ததும் ஒரு பரீட்சை வையுங்கள். ஒரு மாதத்தின் 1, 5, கடைசித் தேதி, அடுத்த மாதம் 1 ஆகிய நான்கு நாள்களிலும் பகல் நேரத்தோடு முறையே 1, 10, 100, 1000 ரூபாய் பதிந்து, அந்த மாதத்து மொத்தத்தைக் கேளுங்கள். 111 வர வேண்டும். 11 வந்தால் கடைசி நாள் நழுவியிருக்கிறது. 1111 வந்தால் அடுத்த மாதம் உள்ளே நுழைந்திருக்கிறது.