2 நிமிடம் 3.16 விநாடி... சாந்தி இழந்தது பதக்கம் மட்டுமல்ல!

மோகனூரில் காவிரிக் கரையோரம் விடியற்காலையில் ஓடிப் பழகும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒருவர் நினைவுக்கு வருவார். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன். இன்றைய பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு இந்தப் பெயர் தெரியாமல் இருக்கலாம். தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் இது!

சூளையிலிருந்து தோஹாவுக்கு...

அப்பா, அம்மா இருவரும் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். ஓடக் கற்றுக்கொடுத்தவர் தாத்தா. மண் தரையில் தொடங்கிய அந்த ஓட்டம், 2005-ல் தென் கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 800 மீட்டர் வெள்ளிப் பதக்கம் வரை வந்தது.

அடுத்த ஆண்டு டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டி. பஹ்ரைனின் மரியம் யூசுப் ஜமால் முதலிடம் பிடிக்க, கஜகஸ்தான் வீராங்கனையை விநாடிக்கும் குறைவான நேரத்தில் முந்தி 2 நிமிடம் 3.16 விநாடியில் வெள்ளி வென்றார் சாந்தி.

சில நாள் சந்தோஷம்

சில நாள்களிலேயே, பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். ரகசியமாக வைத்திருக்க வேண்டிய மருத்துவ விவரம் டி.வி-யில் செய்தியாக ஓடியது. பெண்ணாகவே பிறந்து, பெண்ணாகவே வளர்ந்தவர் ஊர் முன்னால் கூனிக் குறுகி நின்றார்.

அன்றைய முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாய் பரிசு வழங்கினார். ஆனாலும் தடகள வாழ்க்கை அத்தோடு முடிந்தது. ஒரு கட்டத்தில் அதே செங்கல் சூளையில் தினக்கூலிக்கு நின்றார் சாந்தி.

ஏன் இவருக்கு மட்டும்?

2009-ல் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவுக்கும் இதே சோதனை வந்தது. அவர் நாடே அவர் பின்னால் நின்றது. உலக சாம்பியன் தங்கம் அவரிடமே இருக்கிறது. ஒடிசாவின் தூத்தி சந்த் விளையாட்டுக்கான சர்வதேசத் தீர்ப்பாயத்தில் வழக்காடி, 2018 ஆசியப் போட்டியில் 2 வெள்ளி வென்றார். சாந்திக்காக அப்படி வழக்காட அன்று யாரும் வரவில்லை.

யார் பெண்கள் பிரிவில் ஓடலாம் என்ற விதிகள் இன்றும் மாறிக்கொண்டே இருக்கின்றன. அந்த விவாதம் நடக்கட்டும். ஆனால், ஒரு கிராமத்துப் பெண்ணின் உடலை ஊர்ப் பேச்சாக்கியதற்கு எந்த விதியும் அனுமதி தரவில்லையே?

மீண்டும் மைதானத்தில்...

சாந்தி முடங்கிவிடவில்லை. பெங்களூரில் பயிற்சியாளர் டிப்ளமோ முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளரானார். பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார்.

உங்கள் வீட்டுப் பெண் ஓடினால், கைத்தட்டுங்கள். அவளுக்கு ஒரு சிக்கல் வந்தால், அன்றைக்கும் பக்கத்தில் நில்லுங்கள்!