தார் சுற்றும் கைகளுக்குக் கூலி எங்கே? கைத்தறியின் கணக்கில் வராத உழைப்பு

கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வீதியால் வடக்கே போனால், பாண்டிருப்பு, பெரியநீலாவணை ஆகிய தமிழ்க் கிராமங்களுக்கு இடையில் மருதமுனை இருக்கிறது. கிழக்கில் கைத்தறி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வரும் முஸ்லிம் ஊர் இது. தறியைப் பற்றிப் பேசும்போது தறியில் இருந்து நெய்பவரே நம் கண்ணில் படுகிறார். அவருக்கு நூல் சுற்றிக் கொடுப்பவர் படுவதில்லை. அந்த வேலை இல்லாமல் எந்தத் தறியும் ஒரு முழம்கூட நெய்யாது.

துணியில் இரண்டு நூல்கள் இருக்கின்றன. தறியில் நீளமாகக் கட்டப்பட்டிருப்பது பாவு. அதன் குறுக்கே இடமும் வலமும் ஓடுவது ஊடை. ஊடை நூலைச் சுமந்து ஓடும் மரக்கருவி நாடா. நாடாவின் வயிற்றுக்குள் ஒரு சிறிய குச்சி இருக்கும். அதில் சுற்றிய நூலைத்தான் தமிழ் நெசவாளர்கள் தார் என்கிறார்கள். தையல் மெஷினின் பொபினை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். வேலை ஏறக்குறைய அதுதான், அளவுதான் பெரிது.

எப்படிச் சுற்றுகிறார்கள்?

சாயமிட்ட நூல் கழியாக வரும். பருத்தி நூற்கழி ஒன்றின் நீளம் 840 யார். கழியைப் பிரித்து, சுழலும் பரிவட்டத்தில் மாட்டுவார்கள். நூலின் நுனியை எடுத்து இராட்டினத்தின் கதிரில் செருகிய குச்சியில் கட்டுவார்கள். ஒரு கை சக்கரத்தைச் சுற்றும், மற்றக் கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் நூலை மெல்லப் பிடித்து வழிநடத்தும்.

குச்சியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நூலை ஓட்டிச் சுற்றக்கூடாது. அடிப்பக்கத்தில் தொடங்கி, சிறிது தூரம் முன்னும் பின்னுமாகச் சுற்றி, முதலில் ஒரு கூம்பு கட்ட வேண்டும். பிறகு அந்தக் கூம்பின் மேலேயே கொஞ்சம் கொஞ்சமாக நுனியை நோக்கி நகர வேண்டும். நாடா ஓடும்போது தார் சுழல்வதில்லை. நூல் நுனிப்பக்கமாகக் கழன்று வரும். கூம்பு சரியாக இருந்தால்தான் அது தடங்கலின்றி வரும்.

பிடி தளர்ந்தால் நூல் கொத்தாகச் சரிந்து துணியில் வளையம் வளையமாக நிற்கும். பிடி மிகவும் இறுகினால் ஊடை இழுபட்டுத் துணியின் கரை உள்வாங்கும், கரையோரப் பாவு நூல்கள் அறும். வெவ்வேறு முறை சாயமிட்ட கழிகளைக் கலந்து சுற்றினால், நெய்து முடித்த சேலையில் குறுக்கே பட்டை தெரியும். நெய்தவரின் பிழை என்று கடைக்காரர் கழித்துவிடும் துணியில், பிழை தார் சுற்றும் இடத்திலேயே தொடங்கியிருக்கக்கூடும்.

தென்கரையில் காலி, வெலிகம பக்கத்துச் சிங்களப் பெண்கள் செய்யும் பீரலு பின்னலிலும் இதே நிலைதான். போர்த்துக்கேயர் காலத்தில் வந்ததாகக் கருதப்படும் இந்தக் கைவேலையில் தறி இல்லை. தலையணை போன்ற ஒரு திண்டும் பல மரக்குச்சிகளும் போதும். ஒரே நூலின் இரு முனைகளையும் இரண்டு குச்சிகளில் சுற்றிச் சோடி சேர்ப்பார்கள். அப்போதுதான் பின்னல் முடிச்சில்லாமல் தொடங்கும். நூல் தானாக அவிழாதபடி குச்சியின் தலையில் ஒரு சுருக்கு இடுவார்கள். இவ்வளவையும் முடித்த பிறகுதான் பின்னலின் முதல் அங்குலம் தொடங்கும்.

ஒரு சாரத்துக்கு எவ்வளவு நூல்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 மீற்றர் நீளமும் 1.2 மீற்றர் அகலமும் உள்ள ஒரு சாரம். சென்ரிமீற்றருக்கு 20 ஊடை என்று வைத்தால், நாடா 4,000 தடவை ஓட வேண்டும். அதற்கு 4,800 மீற்றர் நூல் வேண்டும். அதாவது ஒரு சாரத்துக்கு ஊடை மட்டும் ஏறக்குறைய 5 கிலோமீற்றர், 6 கழிக்கு மேல். ஒரு தாரில் 200 மீற்றர் பிடிக்கும் என்றால் 24 தார் சுற்ற வேண்டும்.

இந்த 5 கிலோமீற்றரும் யாரோ ஒருவரின் விரல்களுக்கிடையில் ஓடித்தான் தறிக்குப் போகிறது. வீட்டுத் தறியில் அந்த ஒருவர் பெரும்பாலும் உம்மா, மனைவி, மகள் அல்லது வயதான ஒருவர். கூலி துணிக்குத்தான். சுற்றியவரின் நேரம் அதற்குள் கரைந்துவிடும்.

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தபின் மலிவான இறக்குமதித் துணி சந்தையை நிரப்பியது, நாடெங்கும் கைத்தறி சுருங்கியது. யுத்த காலத்தில் நூல் வருவதும் துணி போவதும் வீதித் தடைகளில் தங்கியிருந்தன. 2004 டிசம்பர் 26 சுனாமி மருதமுனைக் கரையையும் அழித்தது. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் குடும்பம் தன் கூலியில்லா உழைப்பைக் கூட்டித்தான் தறியை ஓட்ட முடிந்தது. விலையைக் கூட்ட முடியாதபோது, கணக்கில் எழுதாத உழைப்புத்தான் கைகொடுத்தது.

தறி எடுக்குமுன் கேட்க வேண்டியவை

இது இன்று யாருக்கு முக்கியம்? யுத்தத்தில் கணவனையோ மகனையோ இழந்து, தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்களுக்கு. தையல், நெசவு, பின்னல் என்று வாழ்வாதாரத் திட்டங்கள் அவர்களைத் தேடி வருகின்றன. கரையோரத்தில் மட்டுமல்ல, வரிப்பத்தான்சேனை போன்ற உள்நாட்டு வயற்கிராமங்களில் இருப்பவர்களும் தறி பெறுமுன் சில கேள்விகளைக் கேட்பது நல்லது.

தார் யார் சுற்றுவார்? வீட்டில் வேறு ஆள் இல்லாவிட்டால், சுற்றும் நேரம் முழுவதும் தறி சும்மா நிற்கும். அந்த நேரத்துக்குக் கூலி உண்டா? நூல் கழியாக வருமா, சுற்றிய தாராக வருமா? இராட்டினமும் பரிவட்டமும் தறியோடு சேர்த்துத் தரப்படுமா? சுற்றுவதற்குத் தனிப் பயிற்சி உண்டா?

ஏற்கனவே நெய்பவர்கள் ஒரு வாரம் மட்டும் ஒரு கொப்பியில் எழுதிப் பார்க்கலாம். எத்தனை கழி சுற்றினோம், எத்தனை மணித்தியாலம் போனது, எத்தனை சாரம் இறங்கியது என்று. வியாபாரியோடும் சங்கத்தோடும் விலை பேசும்போது அந்தக் கணக்குக் கையில் இருக்க வேண்டும். நெய்கூலியோடு சுற்றுக்கூலியும் தனி வரியாக எழுதப்பட்டால், திண்ணையில் இராட்டினத்தோடு இருக்கும் உம்மாவின் பெயரும் அந்தக் கொப்பியில் வரும்.